பக்கத்துக் காணி

இன்றைக்குக் கோச்சி வராமல் விட்டால் என்ன? ஆனையிறவில் தண்டவாளத்துக்குக் குறுக்கே மாடு படுத்துக் கிடக்கட்டும். அல்லது விமலாவின் தாய்க்கு விடியற்காலையில் தலை சுற்றியிருக்கட்டும். பெரிய வருத்தம் ஒன்றும் வேண்டாம். 'இண்டைக்குப் போகாதை பிள்ளை' என்று சொல்லும் அளவுக்கு ஒரு சின்னத் தலைச்சுற்று.

இப்படி நினைத்ததும் அருந்ததிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கிளிநொச்சி ஸ்டேசன் வாங்கில் அவள் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சோளகக் காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து சேலையில் கொட்டியது. கையில் விமலேஸ்வரியின் கடிதம் வியர்வையில் நனைந்து போயிருந்தது. 'சனிக்கிழமை வருகிறேன். ஒரு இரவு நிற்பேன். ஒரு விஷயம் நேரில்தான் கதைக்கவேண்டும். நாகேசுக்குச் சொல்லாதே.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவள் கோச்சி வராமல் இருக்கவேண்டும் என்று நினைத்தாள்.

விமலாவுக்கு எதிராக எதையும் நினைக்க அவளுக்கு உரிமை இல்லை. போன வருஷம் தை மாதம் ஆசிரிய கலாசாலை விடுதிக்குள் தகரப் பெட்டியோடு நுழைந்த நாளில் இருந்து இரண்டு மாதம் அவளோடு ஒருத்தரும் கதைக்கவில்லை. கதைத்ததெல்லாம் பகிடிதான். "குடியேற்றத்திலை யானை வந்து கதவு தட்டுமாமே, நீ திறந்து விடுறனியோ?" சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்துக் கதிரை காலியாகவே இருக்கும். பழைய மலேரியா திரும்பி வந்து அவள் நடுங்கிக் கிடந்த அன்று, பக்கத்து அறையில் இருந்து விமலேஸ்வரி வந்தாள். தன்னுடைய போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். "காட்டுக்காரி, செத்துக்கித்துப் போகாதை. உன்ரை அம்மா அனுப்பின மரை இறைச்சி வத்தலை ஆர் பிறகு பொரிச்சுத் தாறது?" என்றாள். அருந்ததி காய்ச்சலோடு சிரித்தாள். அடுத்த கிழமையே தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமலாவின் அறைக்குப் போய்விட்டாள். அங்கே கமலாசனி இருந்தாள். நாலாவது கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

அந்த நாலாவது கட்டிலுக்கு இந்த வருஷம் வந்தவள்தான் நாகேஸ்வரி.

கோச்சி பிந்தவில்லை.

விமலேஸ்வரி மஞ்சள் சேலையோடும் ஒரு பனங்கட்டிக் குட்டானோடும் இறங்கினாள். அருந்ததியைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். "என்னடி கறுத்துப் போனாய்? உப்பளத்தைப் பாத்துக் கண் கூசிப்போய் வாறன், இஞ்சை உன்னைப் பாத்தா ஒண்டும் தெரியேல்லை."

வெளியே வீரகத்தி வண்டிலோடு நின்றார். நாகேஸ்வரியின் தகப்பன் அவர். அருந்ததியின் தகப்பன் ஐயாத்துரை மூன்று கிழமைக்கு முன் வாய்க்கால் கட்டின்மேல் வண்டில் குடை சாய்ந்து கால் முறிந்து படுத்திருந்தார். அன்று தொடக்கம் இரண்டு வீட்டு வேலையும் வீரகத்தியின் தலையில்தான். நெல் வெட்டு நாளில் மாட்டை வயலில் இருந்து அவிழ்த்துக்கொண்டு அவர் வந்ததே பெரிய காரியம்.

"இவர்தான் நாகேசின்ரை அப்பா" என்றாள் அருந்ததி.

விமலா ஏறும்போது ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறினாள். வைக்கோலில் சாக்கு விரித்திருந்தது. வண்டில் கண்டாவளை றோட்டில் திரும்பியது. விமலா வீரகத்தியைக் கேட்டாள்.

"ஐயாவுக்கு யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"எனக்கோ? எட்டாம் வாய்க்கால்."

"அதில்லை. அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் காடு, பிள்ளை." வீரகத்தி மாட்டின் வாலை முறுக்கினார். "நானும் இவளின்ரை கொப்பரும்தான் வெட்டினனாங்கள். ஒரு முதிரை மரம் விழுத்த ரெண்டு நாள். இப்ப நீர் அதிலைதான் இருக்கிறீர். வண்டிலின்ரை அச்சு அந்த முதிரைதான்."

அவர் சிரித்தார். விமலா சிரிக்கவில்லை. அருந்ததி வெளியே பார்த்தாள். விளைந்த வயல் முழுவதும் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் மணி உதிர்ந்துவிடும்.

காலையில் தாய் அன்னபாக்கியம் குசினிக்குள் சொன்னது அவளுக்குக் காதுக்குள் நின்றது.

"நாகேசிட்டைச் சொல்லு, அந்தப் பிள்ளை போகுமட்டும் இஞ்சாலை குசினிக்குள்ளை வரவேண்டாமெண்டு."

"ஏனம்மா? ஒவ்வொரு நாளும் வாறவள்தானே?"

"அது நாங்கள் தனிய இருக்கேக்கை. இன்னொண்டு. என்னை மாமியெண்டு கூப்பிட வேண்டாமெண்டும் சொல்லு. ஒரு நாள்தானே."

அருந்ததி நாகேசிடம் போகாமல் ஸ்டேசனுக்குப் புறப்பட்டாள். தாய் கெட்டவள் அல்ல. இந்த மண்ணுக்கு வந்த முதல் வருஷம் வீடு முழுக்கக் காய்ச்சலில் விழுந்தபோது, நாகேசின் தாய் சிவனேஸ்வரிதான் பதினொரு நாள் கஞ்சி காய்ச்சி வாயில் பருக்கினாள். அந்தக் கஞ்சியை அன்னபாக்கியம் மறக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் உடன்பிறப்புகளுக்கு அதைப்பற்றி இன்றுவரை சொன்னதும் இல்லை. அருந்ததிக்கு அப்போது எட்டு வயது. கஞ்சியில் உப்புக் கூடியிருந்தது மட்டும் அவளுக்கு ஞாபகம்.

வீட்டில் ஐயாத்துரை சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். காலில் முறிவு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டு. "வா பிள்ளை, வா. எழும்ப ஏலாது, குறை நினையாதை" என்றார். அன்னபாக்கியம் புதுப் பாய் விரித்தாள். எவர்சில்வர் தட்டை எடுத்துத் துடைத்தாள்.

"மாமி, நீங்கள் அனுப்புற தேனாலைதான் எங்கடை அறை நடக்குது" என்றாள் விமலா.

மாமி என்ற சொல்லைக் கேட்டதும் அன்னபாக்கியத்தின் முகம் மலர்ந்தது. அருந்ததி அதைக் கண்டாள். காணாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

சாப்பிட்டபின் இருவரும் வாய்க்காலில் குளிக்கப் போனார்கள். மதகடித் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. விமலா நீந்தத் தெரியாமல் கல்லைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், சிரித்தாள், தண்ணீரை எற்றினாள். விடுதிக் கிணற்றடியில் நாலு பேரும் இப்படித்தான். அருந்ததி ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்துபோனாள். தலை துவட்டும்போது விமலா சொன்னாள்:

"கமலாசனியின்ரை தாய் விடுதிக்கு வந்தவ. லீவு விடுறதுக்கு முதல் நாள். நீங்கள் ரெண்டு பேரும் வெள்ளனவே போட்டியள்."

"என்னத்துக்கு?"

"ஆரோ அவவுக்குச் சொல்லியிருக்கினம். நாகேஸ் எங்கடை ஆக்களில்லையெண்டு."

அருந்ததி துவாயைப் பிழிந்தாள். பிழிந்து முடிந்தபின்னும் பிழிந்துகொண்டு நின்றாள்.

"விடுதி அம்மா, கேள்விப்பட்ட கதையை வைச்சு அறை மாத்த ஏலாதெண்டு சொல்லிப்போட்டா. அவளின்ரை இடத்து ஆள் ஒராள் எழுதித் தரட்டும், அதுக்குப் பிறகு பாப்பமெண்டா. அவளின்ரை இடத்து ஆள் நீதானே."

"நான் என்னத்தை எழுதுறது?"

"இல்லை, அது பொய்க் கதையெண்டு எழுது. ரெண்டு வரி. எல்லாம் முந்தின மாதிரி இருக்கும். கமலாவைத் தாய் வீட்டை கூட்டிக்கொண்டு போகமாட்டா." விமலா அவளுடைய கையைப் பிடித்தாள். "நீதானேயடி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தனி? நான் உன்னைக் கேட்டனான் எல்லே, அவள் ஆரெண்டு. பக்கத்துக் காணியெண்டு சொன்னாய்."

சொன்னாள்தான். பொய் சொல்லவில்லை. தை மாதம் நாகேஸ் பெட்டியோடு வாசலில் நின்றபோது விமலா கேட்டாள், அருந்ததி சொன்னாள், விமலா உடனே நாலாவது கட்டிலில் கிடந்த புத்தகங்களை அள்ளி நிலத்தில் போட்டாள். யாழ்ப்பாணத்தில் பக்கத்துக் காணி என்றால் தகப்பனின் தமையன், அல்லது தாயின் தங்கை, அல்லது சீதனமாகக் காணி பிரித்து வாங்கிய மச்சாள். வேலிக்கு அப்பால் இருப்பவர் வேறு ஆளாக இருக்கமுடியாது. விமலாவுக்கு மேலும் கேட்கத் தோன்றவில்லை. குடியேற்றத்தில் அப்படி இல்லை. அரசாங்கம் காணி பிரித்துக் கொடுத்த கச்சேரியில் ஒரு தகரப் பேணிக்குள் இலக்கம் எழுதிய துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். ஐயாத்துரைக்கு நாற்பத்தேழு. வீரகத்திக்கு நாற்பத்தெட்டு. அவ்வளவுதான் உறவு. பிறகு வந்ததெல்லாம் யானைக்கும் காய்ச்சலுக்கும் பிறகு வந்தது.

அன்றைக்கு விமலா பிழையாக விளங்கிக்கொண்டாள் என்பது அருந்ததிக்கு அந்தக் கணமே தெரியும். திருத்தவில்லை. நாகேசுக்காகத்தான் திருத்தவில்லை என்று இவ்வளவு நாளும் தனக்குத்தானே சொல்லி வந்தாள். இப்போது வாய்க்கால் கட்டின்மேல் நிற்கும்போது அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. தனக்குக் கிடைத்த அறை தன் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயமும் அதில் இருந்தது.

"அது பொய்க் கதை இல்லாட்டில்?" என்று கேட்டாள்.

விமலா அவள் கையை விட்டாள்.

"சனிக்கிழமையிலை ஆரடி எங்களுக்குச் சோறு குழைச்சுத் தாறது?"

மிஞ்சிய சோற்றையும் கறியையும் ஒன்றாகக் குழைத்து, உருட்டி, நாலு கையிலும் வைப்பது நாகேஸ்தான். அவள் குழைத்தால்தான் புளியும் உறைப்பும் சரியாக வரும் என்று அடம்பிடிப்பவளே விமலாதான்.

"எனக்கு ஒண்டுமில்லை, அருந்ததி. சத்தியமா. ஆனா தெரியாமல் திண்டது வேறை. தெரிஞ்சுகொண்டு தின்னுறது வேறை. எங்கடை வீட்டிலை கேட்டா நான் என்ன சொல்லுவன்?" அவள் குரல் உடைந்தது. "அதுதான் சொல்லுறன், நீ எழுது. நீ எழுதினா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்."

பின்னேரம் விமலா பாயில் சரிந்து நித்திரையானதும் அருந்ததி தேத்தண்ணி வாளியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். வீரகத்தியும் இன்னும் நாலு பேரும் வரிசையாக நெல்லை அருவி வெட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னால் நாகேஸ்வரி, தாயின் பழைய சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, வெட்டிப்போட்ட கதிர்களை அள்ளிக் கட்டாகக் கட்டினாள். வெட்டியது அருந்ததி வீட்டு நெல். நாற்பத்தெட்டாம் காணி இன்னும் வெட்டாமல் நின்றது.

"உங்களதை முதல் வெட்டியிருக்கலாமே" என்றாள் அருந்ததி.

"கொப்பற்றை நெல்லுத்தான் முதல் பழுத்தது. நெல்லு ஆள் பாத்தே பழுக்குது?" நாகேஸ் ஒரு குவளை தேத்தண்ணியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். "விமலா வந்திட்டாவாம். அப்பா சொன்னார். எவடமெண்டு கேட்டவவாம்."

அருந்ததி கதிரைத் தொட்டுச் சுனை பிடித்த கையைச் சேலையில் துடைத்தாள். நாகேஸ்தான் முதலில் கேட்டாள்.

"மாமி என்னை வரவேண்டாமெண்டு சொன்னவவோ?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. காலமை வேலிக்குள்ளாலை கண்டனான். என்னைக் கண்டு போட்டு அங்காலை திரும்பினவ. பன்னிரண்டு வருஷத்திலை அவ திரும்பினதை நான் காணேல்லை." அவள் கதிர்க்கட்டின் மேல் உட்கார்ந்தாள். "அப்ப நான் என்னெண்டு கூப்பிடுறது? எங்கடை அம்மா ஊரிலை உங்கடை ஆக்களைக் கூப்பிட்ட மாதிரி நாச்சியாரெண்டோ?"

"நாகேஸ்..."

"சரி சரி, அழாதை. அழுதா தேத்தண்ணிக்கை விழும். என்ன விஷயம், அதைச் சொல்லு."

அருந்ததி எல்லாவற்றையும் சொன்னாள். கமலாசனியின் தாய், விடுதி அம்மா, எழுதித் தரவேண்டிய கடிதம். காற்று பாதிச் சொற்களைக் கொண்டுபோனது. நாகேஸ் ஒரு வைக்கோலைப் பல்லில் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லையெண்டு எழுதிக் குடுத்திடவோ?" என்றாள் அருந்ததி. "ரெண்டு வரிதான்."

"குடுத்திட்டு? நீ மார்கழியோடை முடிச்சுக்கொண்டு போயிடுவாய். நான் இன்னும் ஒரு வருஷம் உன்ரை பொய்யுக்குள்ளை இருக்கவேணும். ஆரேன் வாசலிலை வந்தா ஆரோ எண்டு பாக்கவேணும். அம்மா என்னைப் பாக்க வந்தா, வராதையெண்டு சொல்லவேணும்." அவள் வைக்கோலைத் துப்பினாள். "நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப உள்ளதை எழுதவோ?"

நாகேஸ் எழுந்தாள். கட்டைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு கை கொடுக்கும்படி கண்ணால் காட்டினாள். அருந்ததி தூக்கிவிட்டாள்.

"எழுது. உன்ரை கையெழுத்து எனக்குத் தெரியும்" என்றாள் நாகேஸ். பிறகு கட்டுகளை அடுக்கிச் சூடு வைக்கும் மேட்டை நோக்கி நடந்தாள். கதிர்க்கட்டுக்குக் கீழே அவளுடைய கழுத்து மட்டும் தெரிந்தது.

பொழுதுபடும் நேரம் விமலா ஐயாத்துரையோடு தாயம் விளையாடிக்கொண்டு இருந்தாள். குசினிக்குள் அன்னபாக்கியம் அருந்ததியின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள்.

"விமலா எனக்கும் சொன்னவள். நீ என்ன செய்யப்போறாய்?"

"தெரியாது."

"பொய் எழுதிப்போடாதை. சொல்லிப்போட்டன். நாளைக்கு உண்மை வெளியிலை வந்தா, அதுகளைத் தங்கடை ஆக்களெண்டு எழுதினவையும் அதுகள்தானெண்டு சொல்லுவினம். உன்னைக் கலியாணம் பேசி வாறவை விசாரிக்கிறது யாழ்ப்பாணத்திலைதான், இஞ்சை இல்லை. ஏற்கெனவே காட்டுக்கு வந்ததெண்டு எங்களை அரைவாசி கழிச்சு வைச்சிருக்குதுகள்."

"அப்ப உள்ளதை எழுதட்டோ? அவள் எங்கடை ஆளில்லையெண்டு?"

அன்னபாக்கியம் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் வெறுங்கையால் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சுட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதத்தானே வேணும்" என்றாள் கடைசியில், மிக மெதுவாக. "வேறை என்ன செய்யிறது? சிவனேஸ்வரிக்குத் தெரிய வராதுதானே."

மண் சுவருக்கு அப்பால் தாயக் கட்டை உருளும் சத்தம் நின்றது. ஐயாத்துரையின் குரல் வந்தது. "அன்னம், கால் முறிஞ்ச அண்டு வீரகத்தி என்னைத் தோளிலை போட்டுக்கொண்டு மூண்டு மைல் நடந்தவன்." கட்டை மறுபடி உருண்டது. சொல்லவேண்டியதை அவர் பாதியோடு விட்டுவிடுவார் என்று அருந்ததிக்குத் தெரியும். முழுவதும் சொல்லப்போனால் அவரும் யாழ்ப்பாணத்துக்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

அன்றைக்குச் சாப்பாட்டில் கறி மிஞ்சியது. விமலா கோப்பையைப் பார்த்துவிட்டு, "இப்ப நாகேஸ் இருந்தா..." என்று தொடங்கினாள். தொடங்கியவள் நிறுத்திவிட்டாள்.

விடிந்தபோது காற்று அடங்கியிருந்தது. பத்து மணிக் கோச்சிக்கு வீரகத்தி வண்டிலைக் கொண்டுவந்து படலையில் விட்டார். உள்ளே வரவில்லை. வழமையாக வந்து ஐயாத்துரையின் காலைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் வீக்கம் வத்தேல்லை, கள்ளமாய் நடக்கிறீர் போலை" என்று பகிடி விடுவார். இன்றைக்கு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு வெளியே நின்றார். ஐயாத்துரை இரண்டு தரம் படலைப் பக்கம் பார்த்தார்.

விமலா தன் பையில் இருந்து ஒரு கொப்பித் தாளையும் பேனையையும் எடுத்து அருந்ததியின் மடியில் வைத்தாள். தாளின் மேற்பக்கத்தில் திகதியைத் தானே எழுதியிருந்தாள். மிச்சம் வெறுமையாக இருந்தது.

"ஏதாவது ஒண்டு எழுதடி. ஓமெண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி. ரெண்டிலை ஒண்டு. என்னாலை வெறுங்கையோடை போக ஏலாது. கமலாவின்ரை தாய் திங்கட்கிழமை அதை வாங்க எங்கடை வீட்டை வாறா."

அருந்ததி பேனையின் மூடியைக் கழற்றினாள். ஓம் என்று எழுதினால் என்ன, இல்லை என்று எழுதினால் என்ன, இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் பதில். அந்தக் கேள்வி இந்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் இல்லாமல் இருந்தது. அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள். இருந்திருக்கிறது, புதுப் பாயைப் போல, விருந்தாளி வரும்வரை சுருட்டி வைத்திருந்திருக்கிறார்கள். தான் மட்டும் என்ன? விடுதி அறையிலே, நாகேஸ் ஒவ்வொரு உருண்டையாகக் கையில் வைக்கும்போது, விமலா வாங்குகிறாளா என்று முதலில் பார்த்துவிட்டுத்தானே தன் வாயில் போட்டாள்?

குசினி வாசலில் தாய் நின்றாள். சுட்ட விரல்களில் தேன் பூசியிருந்தாள். அவள் கண் தாளில் இருந்தது.

அருந்ததி பேனையை மூடினாள். தாளை நாலாக மடித்தாள். கமலாசனிக்கென்று எடுத்து வைத்த தேன் போத்தலோடு சேர்த்து விமலாவின் பைக்குள் வைத்தாள்.

"என்ன இது?" என்றாள் விமலா. "எழுதேல்லையே?"

"இல்லை."

"எது இல்லை? அவள் உங்கடை ஆளில்லையோ, கதை பொய்யோ?"

"நான் எழுதேல்லை, விமலா."

விமலாவின் கண் நிறைந்தது. "எனக்காக எண்டாலும்? நான் உனக்கு என்ன குறை வைச்சனான்?"

"ஒண்டும் வைக்கேல்லை." அது உண்மை. "நீ தந்த போர்வை இப்பவும் என்ரை கட்டிலிலைதான் கிடக்குது."

"அப்ப நான் அங்கை போய் என்னெண்டு சொல்லுறது?"

படலையில் மாடு மணியை ஆட்டியது. "பிள்ளையள், கோச்சிக்கு நேரம்" என்று வீரகத்தி வெளியே இருந்து கூப்பிட்டார்.

அருந்ததி பையைத் தூக்கி விமலாவின் தோளில் மாட்டிவிட்டாள். சேலைத் தலைப்பு பைக்குள் அகப்பட்டிருந்தது. அதை மெதுவாக இழுத்துச் சரிசெய்தாள்.

"கேட்டனான், அவள் எழுதேல்லையெண்டு சொல்லு" என்றாள்.